கொசுவலைக்குள் அழுகண்ணி

1

இந்தக் கதை ஒரு பல்வலியில் தொடங்கியது.

தச்சநல்லூரில் ஒரு பல் வைத்தியர், மாடியில். காத்திருக்கிறவர்களுக்கு ஒரு மரப்பெஞ்சு, பெஞ்சுக்கு நேரே ஒரு சன்னல். சன்னலுக்கு வெளியே, தெருவைத் தாண்டி, எதிர்வீட்டு மொட்டைமாடி. அங்கே கைப்பிடிச் சுவர் நிழலில் ஒரு மண்சட்டி இருந்தது. அதன்மேல் கொசுவலைத் துண்டு ஒன்றைக் குச்சிகள் நட்டுக் கூடாரம்போல் போர்த்தி, ஓரங்களில் கல் வைத்திருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஒருவர் மாடியேறி வந்தார். நாற்பதைத் தாண்டிய ஆள். நெற்றி நிறையத் திருநீறு. தெருவின் இந்தப் பக்கத்திலிருந்தே தெரிந்தது. கல்லை நகர்த்தி வலையைத் தூக்கினார், தலையை உள்ளே விட்டார், அப்படியே இருந்தார். ஒரு சட்டியை ஒருவர் அவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை. பிறகு வலையை மூடி, கற்களைத் திரும்ப வைத்துவிட்டுக் கீழே போனார். உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்டார்கள்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். சட்டிக்குள் என்ன இருந்தது என்றுகூடத் தெரியாது. பல்லைத் துளைத்துக்கொண்டிருந்தபோது, வாய் திறந்து கிடந்தேனே தவிர, மனசு அந்த மாடியில்தான் இருந்தது. செடியாகத்தான் இருக்க வேண்டும். ஒரு செடிக்கு எதற்குக் கொசுவலை? கொசுவிடமிருந்து செடியைக் காப்பாற்றுகிறாரா? அல்லது செடியிடமிருந்து கொசுவையா?

இரண்டாவது கேள்வி வந்ததும் கதை வந்துவிட்டது. அப்படி ஒரு செடியை எனக்குத் தெரியும்.

நிற்க. நான் கடிதம் எழுதிப் பழகியவன். ஒரு விஷயத்துக்கு ஒரு இலக்கம் போட்டு எழுதினால் பதில் போடுகிறவருக்கு வசதி என்று எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழையா சொல்லித் தந்தார். பதில்கள் வருவது குறைந்து, பிறகு நின்றும்விட்டது. இலக்கம் போடுவது நிற்கவில்லை. ஆகையால் இங்கேயும் இலக்கங்கள் உண்டு.

2

தொடக்கத்துக்கு மூன்று முறை முயன்றேன்.

மார்கழிப் பனி தாமிரபரணியின்மேல் ஒரு வெள்ளைத் துண்டைப்போல

(நிறுத்திவிட்டேன். இந்தக் கதையில் ஆறு குழாய்த் தண்ணீராகத்தான் வருகிறது. அதுவும், ஊற்றக்கூடாது என்று சொல்வதற்காக.)

சைவம் என்பது குமரகுருபரனுக்குச் சாப்பாட்டு விஷயம் அல்ல, அது ஒரு

(ஒரு என்ன? தெரியவில்லை. தெரியாததைக் கடைசியில் வைத்துக்கொண்டு ஒரு வாக்கியத்தைத் தொடங்கக்கூடாது.)

மூன்றாவது நின்றது. அது இது:

ஞானசௌந்தரி டீச்சர் எங்கே உட்காருகிறார் என்பதை வைத்தே, அன்றைக்கு அவருடைய டிபன் பாக்ஸில் என்ன இருக்கிறது என்று குமரகுருபரன் சார் சொல்லிவிடுவார்.

(பெயர்கள் நான் வைத்தவை. அந்தத் திருநீற்றுக்குக் குமரகுருபரன் என்ற பெயர் பொருந்தியது. டீச்சரை நான் பார்த்ததே இல்லை. ஆனால் ஒரு சட்டியை அப்படிப் பார்க்கிற மனிதருக்கு அதைக் கொடுத்தவர் ஒருவர் இருந்தாக வேண்டும்.)

இருவரும் ஒரே பள்ளிக்கூடம். அவர் பூகோளம், டீச்சர் தாவரவியல். ஆசிரியர் அறையில் ஒரு நீண்ட மேசை. சாம்பாரோ தயிர்ச்சோறோ கொண்டுவந்த நாளில் டீச்சர் அவருக்கு எதிரே உட்காருவார். மீன் கொண்டுவந்த நாளில் டப்பாவை எடுத்துக்கொண்டு சன்னலோரம் போய், முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுவார். போகச் சொல்லி யாரும் சொன்னதில்லை. போக வேண்டாம் என்றும் யாரும் சொன்னதில்லை. குமரகுருபரன் அதை மரியாதை என்று வருடக்கணக்காக எடுத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய அம்மா பார்வதியம்மாள் இறந்தபிறகு, சன்னலோர நாட்கள் அவருக்கு நீளமாகத் தெரிய ஆரம்பித்தன. வீட்டில் வேறு யாரும் இல்லை. ரேடியோவை அணைக்காமலே பள்ளிக்கூடம் போவார். சாயங்காலம் கதவைத் திறக்கும்போது உள்ளே யாராவது பேசிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். விவசாயச் செய்தியாக இருந்தாலும் போதும்.

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும், தன்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதமா என்று டீச்சரிடம் கேட்டுவிடுவது என அவர் தீர்மானித்திருந்தார். டீச்சர் பாளையங்கோட்டைக் கிறிஸ்தவர், இவர் சைவப்பிள்ளைமார். இரண்டு பக்கத்திலும் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். பேசட்டும் என்கிற அளவுக்கு அவர் வந்திருந்தார். அது சின்னத் தூரம் இல்லை.

3

விடுமுறைக்கு முந்தைய நாள் டீச்சர் அந்தச் சட்டியை மேசைமேல் கொண்டுவந்து வைத்தார். ஒன்பதாம் வகுப்புக்குக் காட்டுவதற்காக, நாங்குநேரிக்குத் தெற்கே ஒரு குளத்தங்கரையிலிருந்து மண்ணோடு பெயர்த்துக் கொண்டுவந்தது. அழுகண்ணி என்று பெயர் சொன்னார். கிறிஸ்துமஸுக்குத் தூத்துக்குடியில் அண்ணன் எலியேசர் வீட்டுக்குப் போகிறார். வாடகை வீட்டில் விட்டுப்போனால் வீட்டுச் சொந்தக்காரரின் கோழிகள் கிளறிவிடும்.

"உங்க மாடியில வெயில் நல்லா விழும்லா சார்? நான் வாரவரைக்கும் வச்சுக்கிடுவீங்களா?"

அவர் எட்டிப் பார்த்தார். ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிசு, தரையோடு தரையாக ஒட்டிக்கிடந்தது. குட்டிக் கரண்டிகளை வட்டமாக அடுக்கியதுபோல இலைகள். இலை முழுவதும் சிவப்பு மயிர், ஒவ்வொரு மயிரின் நுனியிலும் ஒரு துளி. உச்சிவெயிலிலும் காயாத துளி. டீச்சர் ஓர் எறும்பைக் குண்டூசி நுனியால் தள்ளி இலை விளிம்பில் விட்டார். எறும்பு இழுத்தது. ஓரத்து மயிர்கள் கண்ணெதிரே வளைந்து அதன் முதுகில் கைபோட்டன.

"பாவம்லா" என்றார் குமரகுருபரன்.

"யாரு சார், எறும்பா, செடியா?"

டீச்சர் விளக்கினார்: இது வளருகிற மண்ணில் சத்தே கிடையாது. வேறு செடிகள் வேண்டாம் என்று விட்டுவிட்ட இடம். வேர் நூல்மாதிரி, தண்ணீர் குடிக்க மட்டும். சாப்பாட்டை அது மேலே இருந்துதான் தேடிக்கொள்ள வேண்டும்.

"மழத்தண்ணிதான் ஊத்தணும் சார், குழாத்தண்ணி ஆகாது. பாட்டில்ல பிடிச்சுத் தந்திருக்கேன். வேற ஒண்ணும் செய்யவேண்டாம். சும்மா விட்டாப் போதும்."

(இந்தக் கடைசி வாக்கியத்தை நான் முதல் பிரதியில் எழுதவில்லை. பிறகு எல்லாம் நடந்து முடிந்தபின் திரும்பி வந்து சேர்த்தேன்.)

4

முதல் நாள் சாயங்காலம் அவர் மாடிக்குப் போனபோது ஒரு கொசு ஒட்டிக்கொண்டிருந்தது. செத்திருந்தால் பேசாமல் இறங்கியிருப்பார். ஒரு கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. கீழே போய் விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவிக்கொண்டு வந்து, பைய எடுத்துவிடப் பார்த்தார். கொசு வந்தது, கால்கள் வரவில்லை. இலையின் மயிரிலும் பாதி கூடவே பிய்ந்து வந்தது.

சாப்பிட உட்கார்ந்தார். தலைக்கு நேர்மேலே, கூரைக்கு அந்தப் பக்கம், அதுவும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் என்ற நினைப்பு வந்ததும் சோறு இறங்கவில்லை. ரோஜாச்செடிக்கு உரமாகக்கூட ஒரு முட்டை ஓடு வராத வீடு அது. மறுநாள் காலையில் அம்மா படுத்திருந்த கட்டிலின் கொசுவலையை எடுத்து, ஒரு துண்டு வெட்டினார். வெயில் அடிக்குமே என்று சட்டியை நிழலுக்கு நகர்த்தினார்.

வலை போட்டாயிற்று. இனி அது பட்டினி கிடக்குமே என்ற கவலை அடுத்து வந்தது. அவர் வாத்தியார், முறையாக யோசித்தார். பூச்சியில் இருப்பது புரதம். பருப்பில் இருப்பதும் புரதம். துவரம்பருப்பை வேகவைத்து, தெளிவை இறுத்து, ஆறவைத்து, பேனாவுக்கு மை ஊற்றும் ஃபில்லரைக் கழுவி எடுத்துக்கொண்டு மாடியேறினார். இலைக்கு ஒரு சொட்டு. உப்புப் போடவில்லை. அவ்வளவு கவனமாக இருந்தார்.

சில நாளில் செடியின் சிவப்பு வெளுத்துப் பச்சை தெரிந்தது. அவருக்குச் சந்தோஷம்.*

* நிழலில் வைத்தால் இந்தச் செடி சிவப்பை இழந்து பச்சையாகும், துளிகளும் வற்றும். அது வாடுகிற விதம் அப்படி. பச்சை என்றால் செழிப்பு என்று பழகி, வரப்பு ஓரத்தில் வளர்ந்த நாம் யாரும் இதைச் சந்தேகப்பட மாட்டோம்.

ட்ரில் மாஸ்டர் காஜா முகைதீன், இரவல் வாங்கிய குடையைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், மாடிக்கும் ஏறி வந்தார்.

"என்னவே இது, பிள்ளைக்குத் தொட்டிலா?"

குமரகுருபரன் விஷயத்தைச் சொன்னார். காஜா முகைதீனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறியது.

"பூச்சி திங்கிற செடிக்குப் பருப்புத் தண்ணியா ஊத்துதீரு? டீச்சர் வந்து கேட்டா என்ன சொல்லுவீரு, கார்த்திகை விரதம் இருந்துச்சுன்னா?"

"பச்சையா வந்திருக்கு பாரும். முன்ன ஒரே செவப்பா இருந்துச்சு."

காஜா முகைதீன் குனிந்து பார்த்தார். சிரிப்பு நின்றது. குடையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னார்:

"டீச்சர்கிட்ட நீரு என்ன கேக்கப் போறீருன்னு எனக்குத் தெரியும். கேளும், நல்ல காரியம்தான். ஆனா கேக்கதுக்கு முன்னால இந்த வலையக் கழத்திரும்வே."

குமரகுருபரன் கழற்றவில்லை. மரச்சட்டத்தில் வைத்த படம்போல அது அவருக்குப் பழகிவிட்டிருந்தது. காலையில் எழுந்ததும் மாடிக்குப் போக ஒரு காரணம் இருந்தது. பல் வைத்தியர் வீட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து ஒருத்தன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது அவருக்குத் தெரியாது.

5

இங்கே எனக்கு இந்த மனிதர்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

கொசுவுக்காக இரங்கினாரா? தன் வீட்டுச் சுத்தத்துக்காகவா? முதல் பிரதியில் அவரைக் கொஞ்சம் கர்வக்காரராக எழுதியிருந்தேன். திட்டுவதற்கு வசதியாக இருந்தது. ஆனால் கர்வக்காரர் பருப்பை ஆறவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரா? ஃபில்லரைக் கழுவுவாரா? கிழித்துவிட்டேன்.

இரண்டாம் பிரதியில் அவரை வெறும் அப்பாவியாக்கினேன். அதுவும் நிற்கவில்லை. ஏனென்றால் அவர் ஒன்றை யோசித்து வைத்திருந்தார். அதை நான் மறைக்கக்கூடாது. கல்யாணத்துக்குப் பிறகு அந்த அடுக்களையில் மீன் எப்படி என்ற கேள்வி அவருக்கும் வந்திருந்தது. ஒரு நிமிஷம்கூட அவர் அதில் தடுக்கி நிற்கவில்லை. 'டீச்சருக்கு அது ஒரு பெரிய காரியமா? அவங்களே விட்டிருவாங்க.' மேசையை விட்டு எழுந்து சன்னலோரம் போகிறவர், இதற்கும் எழுந்து போய்விடுவார் என்று நம்பினார். அன்போடுதான் நம்பினார். அதுதான் எனக்கு எழுதக் கஷ்டமாக இருந்தது.

டீச்சருக்குள் நான் போகவில்லை. போக முயன்று இப்படி ஒன்று எழுதினேன்: தூத்துக்குடியில், அண்ணி அலசிக்கொண்டிருந்த மீனைப் பார்த்தபடி ஞானசௌந்தரி தன்

(இல்லை. டீச்சர் என்ன நினைத்தார் என்பது குமரகுருபரனுக்கே தெரியாதபோது எனக்கு எப்படித் தெரியும்?)

6

பச்சைக்குப் பிறகு வெள்ளை வந்தது. பருப்புத் தண்ணீர் பட்ட இடமெல்லாம் பஞ்சுபோல் பூஞ்சை. பிறகு கறுப்பு. ஓர் இலையில்கூடத் துளி இல்லை.

நடுவிலிருந்து ஒரு காம்பு மட்டும் எழுந்திருந்தது. செடியைப்போலப் பல மடங்கு உயரம், நூல் கனம். வலையின் உச்சியில் முட்டி வளைந்து, அந்த வளைவிலேயே ஒரு வெள்ளைப் பூவை விட்டிருந்தது. காலையில் கொஞ்ச நேரம் விரிந்து மூடிக்கொண்டது. மற்ற மொட்டுகளும் அப்படியே, ஒவ்வொன்றாக, யாரும் வராமலே பூத்து முடிந்தன.*

* பூவைத் தேடி வருகிற பூச்சி இலையில் விழுந்துவிடக்கூடாது என்றுதான் காம்பு இவ்வளவு உயரம் என்கிறார்கள். பூச்சி வராவிட்டாலும் பாதகமில்லை. தன் மகரந்தத்தைத் தானே வைத்து விதை கட்டிக்கொள்ளும். இதை எழுதும்போது சன்னலோரம் ஞாபகத்துக்கு வந்தது. கதைக்குள் சேர்க்க வேண்டாம் என்று இங்கேயே விட்டுவிடுகிறேன்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின நாள் குமரகுருபரன் ஒரு பையில் அடுக்களைக் கரண்டியைப் போட்டுக்கொண்டு வள்ளியூர் பஸ் ஏறி, நாங்குநேரியில் இறங்கினார். எதற்கு என்று தனக்குத்தானே அவர் சொல்லிக்கொள்ளவில்லை. டீச்சர் சொன்ன குளத்தை விசாரித்து நடந்தார். வெளிக்கரைச் சரிவில், தண்ணீர் கசியும் சரளை மண்ணில், பச்சையாக ஏதாவது தெரிகிறதா என்று தேடினார். ஒன்றும் இல்லை. ஏமாந்து குந்தி உட்கார்ந்தபோதுதான், தான் உட்கார்ந்த இடமே சிவப்பு என்று தெரிந்தது. கைக்கு எட்டிய தூரம் முழுக்க அழுகண்ணி. ஒவ்வொன்றும் வெயிலில் மினுங்கிக்கொண்டு, தன் தன் வட்டத்துக்குள். எல்லாவற்றின் மேலும் சிறகோ காலோ ஏதோ ஒட்டியிருந்தது. ஈரக்காற்று. சுற்றிலும் ஆள் கிடையாது. ஒரு சத்தமும் இல்லாமல் அத்தனையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

கரண்டியை வெளியே எடுத்தார்.

7

முடிவு அ.

ஒன்றைப் பெயர்த்துக்கொண்டு வந்து அதே சட்டியில் நடுகிறார். டீச்சர் வருகிறார், பார்க்கிறார், நன்றாக வைத்திருக்கிறீர்கள் என்கிறார். இவர் கேட்கிறார். டீச்சர் தலையசைக்கிறார். தை பிறந்ததும்

(இதை முழுசாக எழுதி, நல்ல தாளில் பிரதியும் எடுத்துவிட்டேன். பிறகு, அந்த வீட்டில் டீச்சர் எந்தச் சன்னலோரம் உட்காருவார் என்று யோசித்தேன். பேனா நின்றுவிட்டது.)

முடிவு ஆ.

வெறும் கரண்டியோடு திரும்பி வருகிறார். மறுநாள் செத்த செடியைச் சட்டியோடு கொண்டுபோய் மேசைமேல் வைக்கிறார். டீச்சர் ரொம்ப நேரம் உள்ளே பார்த்தார்.

"என்ன ஊத்துனீங்க சார்?"

"பருப்புத் தண்ணி."

டீச்சர் சிரிக்கவில்லை. குமரகுருபரன் வலை போட்டதைச் சொன்னார். கொசுவைச் சொன்னார். நாங்குநேரிக்குக் கரண்டியோடு போனதைச் சொன்னபோது மட்டும் டீச்சரின் உதட்டோரம் லேசாக அசைந்தது.

"சும்மா விட்டாப் போதும்னு சொன்னேன்லா."

"பட்டினி கெடக்குமேன்னு நெனச்சேன் டீச்சர்."

டீச்சர் காய்ந்த காம்பை விரலால் தட்டினார். கண்ணுக்குத் தெரியாத எதுவோ மண்ணில் விழுந்தது.

"சட்டிய நீங்களே வச்சுக்கிடுங்க. வெத விழுந்திருக்கும். தூசி மாதிரி இருக்கும், தெரியாது."

அவ்வளவுதான் பேச்சு. கேட்க நினைத்ததைக் குமரகுருபரன் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்?

மத்தியானம் மணி அடித்தது. அவர் தன் டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். டீச்சர் பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்தார். மூடி திறக்கும் முன்னாலேயே வாசனை வந்துவிட்டது. கருவாடு, தூத்துக்குடியிலிருந்து வந்தது. மூலையில் காஜா முகைதீன் மெல்லுவதை நிறுத்தினார். எல்லாரும் சன்னலைப் பார்த்தார்கள், அங்கே ஏற்கெனவே டீச்சர் போய்விட்டார் என்பதுபோல.

டீச்சர் டப்பாவைக் கையில் பிடித்தபடி மேசைக்கு இந்தப் பக்கம் நின்றார். குமரகுருபரனுக்கு எதிரே, சாம்பார் நாட்களில் உட்காரும் அதே நாற்காலிக்குப் பின்னால்.

"இங்கன உக்காரட்டா சார்?"

இத்தனை வருடத்தில் டீச்சர் கேட்பது அதுதான் முதல் தடவை.

8

குமரகுருபரன் என்ன சொன்னார் என்று எழுத நாலு நாள் உட்கார்ந்தேன். அவரைச் சரி என்று சொல்லவைத்தால், நான் ஊட்டிவிட்டதுபோல் இருக்கிறது. எழுந்து போகவைத்தால், நான் வலை போட்டதுபோல் இருக்கிறது. அந்த நாற்காலிக்கும் அவருக்கும் நடுவில் நான் நுழையாமல் இருப்பதே நல்லது என்று எழுந்துவிட்டேன்.

உங்களுக்கு உதவுமானால், எனக்குத் தெரிந்த இன்னொன்றைச் சொல்லி முடிக்கிறேன். இது நான் சேர்த்தது அல்ல.

பல்லை அடைப்பதற்குத் திரும்பவும் வரச் சொல்லியிருந்தார்கள். தை பிறந்து போயிருந்தேன். அதே பெஞ்சு, அதே சன்னல். எதிர்மாடியில் கொசுவலை இல்லை. குச்சிகளும் கற்களும் இல்லை. சட்டி இருந்தது, நிழலிலிருந்து நடு வெயிலுக்கு வந்திருந்தது. உள்ளே செடி எதுவும் தெரியவில்லை. ஆனால் மண் கறுத்து ஈரமாக இருந்தது. அந்த வாரம் மழை இல்லை.

யார் ஊற்றுகிறார்கள் என்று பார்க்க என் முறை வரும்வரை காத்திருந்தேன். யாரும் வரவில்லை. கீழே எங்கேயோ ஒரு ரேடியோ பேசிக்கொண்டிருந்தது, அல்லது யாரோ இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். தெருச் சத்தத்தில் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

படியிறங்கினால் நேர் எதிரே அந்த வீட்டுக் கதவு. நான் தட்டவில்லை. எனக்குப் பல் சரியாகிவிட்டது. இனி அந்தப் பக்கம் போகக் காரணம் கிடையாது.

உங்களுக்கு இருக்கலாம்.